ஐசியூவில் இருக்கும் குழந்தைக்கு ஓபியாய்டு விலகல் வராமல் காப்பது எப்படி: முதல் நாள் தொடங்கி வீடு திரும்பும்வரை

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் செவிலியராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. பெங்களூருவில் அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு, தருமபுரிப் பக்கத்திலிருந்து 3 வயதுப் பையன் ஒருவன் கடும் நிமோனியாவோடு வந்தான். 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தான். 12ஆம் நாள் காலை மூச்சுக்குழாயை எடுத்தோம். அன்று மாலையே, வலிக்கான ஃபென்டனிலும் மயக்கத்துக்கான மிடசோலமும் ஏற்றிய இரண்டு பம்ப்களையும் ஒன்றாக நிறுத்தினோம். மறுநாள் விடியுமுன் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, மலம் தண்ணீராகப் போனது, உடம்பு சுட்டது. மறுபடியும் தொற்று என்று நினைத்தோம். இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம், ஆன்டிபயாட்டிக்கை மாற்றினோம். அவனுடைய அம்மா மட்டும், “சிஸ்டர், இது காய்ச்சல் நடுக்கம் இல்லை. பிள்ளை விடாமல் கொட்டாவி விடுகிறான், அடுக்கடுக்காகத் தும்முகிறான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்டதுதான் நோய். ஓபியாய்டு விலகல் என்பது அதன் பெயர், அதாவது பழகிய வலிமருந்து திடீரென்று நிற்கும்போது உடல் படும் பாடு. அதை நாங்கள் காதில் வாங்க ஒன்றரை நாள் பிடித்தது.

அந்த ஒன்றரை நாளை வேறு எந்தக் குழந்தையும் அனுபவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பெங்களூரு மருத்துவமனைகளில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஓசூர் சாலை வழியாக ஆம்புலன்ஸில் வந்து கட்டிலருகே நிற்கும் அம்மா அப்பாக்களும் படிக்க வேண்டும். மருந்தின் அளவை முடிவு செய்வது சிகிச்சை தரும் மருத்துவர். இங்கே வரும் எண்கள் அவரோடு பேசுவதற்கானவை, நீங்களாக மாற்றிக்கொள்வதற்கானவை அல்ல.

உடலுக்குள் என்ன நடக்கிறது

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு வலி தெரியாமலிருக்க மார்ஃபின் அல்லது ஃபென்டனில் தருகிறோம். இவை ஓபியாய்டு வகை மருந்துகள். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத் திரள் இருக்கிறது. உடலை விழிப்பிலும் பதற்றத்திலும் வைக்கும் நார்அட்ரினலின் அங்கிருந்துதான் மூளையெங்கும் போகிறது. ஓபியாய்டு அந்தத் திரளை அடக்குகிறது. நாள் கணக்கில் அடக்கப்படும் செல்கள் சும்மா இருப்பதில்லை. அடக்கத்தை எதிர்த்து வேலை செய்யத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டால் மறுபக்கத்தார் என்ன ஆவார்கள்? பம்ப்பைத் திடீரென்று நிறுத்தும்போது நடப்பதும் அதுதான். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன, வியர்க்கிறது, கண்பாவை விரிகிறது. ஓபியாய்டால் கட்டுண்டிருந்த குடல் அவிழ்ந்து வயிற்றுப்போக்காகிறது.

மார்ஃபின் என்ற சொல்லைக் கேட்டதுமே பெற்றோர் முகம் வாடிவிடும். ‘என் பிள்ளை போதைக்கு அடிமையாகிவிடுவானா?’ என்று கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. இதற்குப் பதில் தெளிவானது: இல்லை. போதைக்கு அடிமையாவது என்பது மனம் மருந்தைத் தேடி அலைவது. இங்கே நடப்பது உடல் மருந்துக்குப் பழகிப்போவது. எந்தக் குழந்தைக்கும், எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இது நடக்கும். மெதுவாகக் குறைத்தால் உடல் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இந்தப் பயத்தால் வலிமருந்தே வேண்டாம் என்று மறுக்கும் அப்பாக்களிடம், குழாயோடும் தையலோடும் வலி தாங்கிக் கிடப்பது குழந்தைக்கு எவ்வளவு பெரிய கெடுதல் என்பதை உட்கார்ந்து பேசுங்கள். மருத்துவர் சுற்றில் நின்றபடி பேசினால் இது புரியாது.

படி 1: தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் வழியை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். விலகலைத் தடுக்கும் வேலை பம்ப்பை நிறுத்தும் நாளில் தொடங்குவதில்லை, பம்ப்பை இணைக்கும் நாளில் தொடங்குகிறது. குழந்தைக்கு எவ்வளவு குறைவான மருந்து, எவ்வளவு குறைந்த நாள் போகிறதோ அவ்வளவு எளிதாக அது வெளியே வரும்.

ஆகவே ஒவ்வொரு காலையும் இன்றைய இலக்கு என்ன என்று முடிவாக வேண்டும். கூப்பிட்டால் கண் திறக்கும் மயக்கம் போதுமா, அல்லது ஆழ்ந்த உறக்கம் தேவையா? பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலாவது போதும். முதலில் வலியைக் கவனியுங்கள், பிறகுதான் மயக்கம். தடை ஏதும் இல்லையென்றால் நேரம் தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தாலே ஓபியாய்டின் தேவை குறையும். குழந்தை புரண்டதும் போலஸ், அதாவது கூடுதலாக ஒரு டோஸ், தட்டிவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இரவு ஷிப்டில் உண்டு. தட்டுவதற்கு முன் டயப்பர் நனைந்திருக்கிறதா, குழாயில் சளி அடைத்திருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, பசியா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான 31 ஐசியூக்களில் 2,449 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. மயக்க மருந்தை இலக்கு வைத்துச் செவிலியர்களே கூட்டிக் குறைக்கும் முறையை அது சோதித்தது. வென்டிலேட்டர் நாள்கள் குறையவில்லை என்பதைக் காட்டி அதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஓபியாய்டு போன நாள்களும் மயக்க மருந்து வகைகளும் குறைந்தன. அவர்கள் விழித்தபடி அமைதியாக இருந்த நேரம் கூடியது. கட்டிலருகே நிற்பவளுக்கு அது சிறிய லாபம் அல்ல.

படி 2: நாள்களை எண்ணுங்கள்

3 நாளுக்குள் நிறுத்தப்படும் மருந்தால் விலகல் வருவது அரிது. 5 நாளைத் தாண்டினால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆபத்து உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1994இல் காட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், ஃபென்டனில் தொடர்ச்சியாகப் பெற்ற 23 குழந்தைகளைப் பார்த்தார்கள். 5 நாளோ, கிலோவுக்கு மொத்தம் 1.5 மில்லிகிராமோ எட்டியபோது பாதிப் பேருக்கு விலகல் வரும் நிலை இருந்தது. 9 நாளோ, 2.5 மில்லிகிராமோ எட்டியபோது எல்லோருக்கும் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த 5, 9 என்ற எண்கள் இன்றும் உதவுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு மணிக்கு 2 மைக்ரோகிராம் என்றால் ஒரு நாளைக்கு 48 மைக்ரோகிராம். 9 நாளில் 432 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம்கூட இல்லை. மொத்த அளவை மட்டும் பார்த்தால் ‘இன்னும் 1.5 எட்டவில்லையே’ என்று ஏமாந்துபோவோம். இந்த அளவில் ஓடும் பம்ப்புக்கு, நாள் கணக்குதான் முதலில் அடிக்கும் எச்சரிக்கை மணி என்பது என் கருத்து. அதனால் ஐசியூ சார்ட்டின் தலைப்பில் ‘ஓபியாய்டு நாள் 6, மிடசோலம் நாள் 4’ என்று தினமும் எழுதுங்கள். டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற மயக்க மருந்துக்கும் தனியாக ஒரு வரி வேண்டும். அதைப் பல நாள் கொடுத்துத் திடீரென்று நிறுத்தினாலும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறிக் குழந்தை பதறும்.

அதே தாளில் குழந்தை எடுக்கும் மற்ற மருந்துகளையும் பாருங்கள். நம் ஐசியூக்களுக்குக் காசநோய் மூளைக்காய்ச்சலோடு வரும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்குத் தரும் ரிஃபாம்பிசின், ஃபென்டனிலையும் மிடசோலத்தையும் மெத்தடோன் என்ற இன்னொரு ஓபியாய்டையும் கல்லீரல் விரைந்து சிதைக்கும்படி செய்துவிடும். வலிப்பு மருந்துகளான ஃபீனிட்டாயினும் ஃபீனோபார்பிட்டோனும் அப்படித்தான். அளவைக் குறைக்காமலே குழந்தைக்கு விலகல் தொடங்கியிருக்கும், நாம் காரணம் தெரியாமல் திகைத்து நிற்போம். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃபுளுகோனசோல் இதற்கு நேர்மாறாக அந்த மருந்துகளை உடலில் தேக்கும். சிறுநீரகம் பழுதான குழந்தைக்கு மார்ஃபினின் சிதைபொருள் தேங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 3: குறைப்பதற்கு ஒரு அட்டவணை

5 நாளுக்குக் குறைவு என்றால் ஓரிரு நாளில் குறைத்து நிறுத்திவிடலாம். 5 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 10 முதல் 20 சதவீதம் என்பது பரவலான வழக்கம். நாள்கள் கூடக்கூட வேகம் 10 சதவீதத்தை நோக்கி இறங்க வேண்டும்.

எதில் 10 சதவீதம் என்ற கேள்வியில்தான் குழப்பம் வருகிறது. பெரும்பாலும் தொடங்கிய அளவில் 10 சதவீதத்தையே கணக்கிடுகிறார்கள். 2 மைக்ரோகிராமில் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் 0.2 குறையும், 10ஆம் நாள் நின்றுவிடும். ஒருவர் தொடக்க அளவிலும் இன்னொருவர் நேற்றைய அளவிலும் கணக்கிட்டால் ஒரே குழந்தைக்கு இரண்டு அட்டவணை ஓடும். எனவே சதவீதத்தை எழுதாதீர்கள். தேதி, நேரம், பம்ப்பின் வேகம் மூன்றையும் எண்ணாகவே எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். முதல் படிகள் எளிதாகக் கழியும். கடைசி இரண்டு மூன்று படிகளில்தான் குழந்தை தடுமாறும், ஏனென்றால் எஞ்சியிருக்கும் அளவில் அந்த 0.2 என்பது பெரிய பங்கு.

ஓபியாய்டையும் மிடசோலத்தையும் ஒரே நாளில் குறைக்காதீர்கள். இன்று ஒன்று, நாளை மற்றொன்று. அப்போதுதான் எந்த மருந்தின் விலகல் என்று தெரியும். மிடசோலம் திடீரென்று நின்றால் வலிப்பே வரலாம். அறுவை சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ போகும் நாளில் குறைப்பை நிறுத்திவைப்பது நல்லது.

சிரிஞ்ச் மாற்றும் இடைவெளியும் குறைப்புதான், யாரும் திட்டமிடாத குறைப்பு. அதிகாலை 3 மணிக்குச் சிரிஞ்ச் காலியாகி, பூட்டிய அலமாரியின் சாவி வேறொருவரிடம் இருந்து, பதிவேட்டில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் 20 நிமிடத்தில் குழந்தையின் துடிப்பு எகிறுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சிரிஞ்ச் எப்போது தேவைப்படும் என்பதை ஷிப்ட் தொடக்கத்திலேயே கணக்கிட்டுத் தயார்செய்து வையுங்கள். நீண்ட விடுமுறைகளுக்கு முன் மருந்தகத்தில் இருப்பைக் கேளுங்கள்.

படி 4: பம்ப்பிலிருந்து வயிற்றுக்கு

வெகுநாள் மருந்து பெற்ற குழந்தையைப் பம்ப்புக்காக மட்டும் ஐசியூவில் வைத்திருக்க முடியாது. வாய்வழியாகவோ மூக்குக்குழாய் வழியாகவோ நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துக்கு மாற்றுவார்கள். மேலைநாடுகளில் இதற்கு மெத்தடோன் பெரிதும் பயன்படுகிறது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு 2014இல் வந்த திருத்தம், அத்தியாவசிய போதை மருந்துகள் என்ற பிரிவை உருவாக்கியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் மூன்றும் அதில் அடங்கும். ஆனாலும் மெத்தடோன் எல்லா மருந்தகத்திலும் கிடைப்பதில்லை. வாய்வழி மார்ஃபினும், ஓபியாய்டு அல்லாத குளோனிடினும்தான் பல இடங்களில் கைகொடுக்கின்றன. மெத்தடோன் கொடுத்தால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்ற இதய மின்துடிப்பு அளவைப் பார்க்க வேண்டும். அது உடலில் மெல்லத் தேங்கும் மருந்து. முதல் நாள் சரியாகத் தோன்றிய அளவு மூன்றாம் நாள் குழந்தையைத் தூங்கவைத்துவிடும்.

முக்கியமானது ஓவர்லேப், அதாவது புதிய மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை பழையதும் ஓட வேண்டும். வாய்வழி மருந்தின் இரண்டாம் டோஸுக்குப் பின் பம்ப்பைப் பாதியாக்கி, மூன்றாம் டோஸுக்குப் பின் எஞ்சியதில் பாதியாக்கி, நான்காவதற்குப் பின் நிறுத்துவது மெத்தடோனுக்குச் சொல்லப்பட்ட பழைய முறை. உங்கள் பிரிவின் நெறிமுறை எதுவானாலும் இந்தத் தத்துவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரையை 8 கிலோ குழந்தைக்குக் கண்மட்டத்தில் உடைத்துக் கரைப்பது ஆபத்தான வேலை. மருந்தாளுநரைக் கொண்டு நிலையான செறிவில் கரைசல் தயாரிக்கச் சொல்லுங்கள். மெதுவாக வெளிவிடும் வகை மாத்திரையை ஒருபோதும் பொடிக்காதீர்கள். டோஸுக்குப் பின் குழந்தை வாந்தி எடுத்தால் நேரத்தைக் குறித்து மருத்துவரைக் கேளுங்கள். அறுவைக்காக உணவை நிறுத்தும் நாளில் இந்த டோஸ் என்ன ஆகும் என்பதை முந்தைய இரவே முடிவு செய்யுங்கள்.

படி 5: 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மதிப்பெண்

‘கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறான்’ என்று சார்ட்டில் எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு அது எதையும் சொல்லாது. 2008இல் லிண்டா ஃபிராங்க் குழுவினர் வெளியிட்ட வாட்-1 என்ற அளவுகோலைப் பயன்படுத்துங்கள். 11 கேள்விகள், மொத்தம் 12 மதிப்பெண். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விலகலைச் சந்தேகிக்க வேண்டும்.

செய்முறை எளிது. முதலில் கடந்த 12 மணி நேரத்தின் பதிவைப் பாருங்கள்: தண்ணீர் மலம், வாந்தி அல்லது குமட்டல், 37.8 டிகிரிக்கு மேல் வெப்பம். பிறகு 2 நிமிடம் குழந்தையைத் தொடாமல் நின்று பாருங்கள். பதற்றமா, நடுக்கமா, வியர்வையா, கட்டுப்பாடில்லாத அசைவுகளா, கொட்டாவியோ தும்மலோ இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்ததா? அடுத்து பெயர் சொல்லி அழைத்து, மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். திடுக்கிடுகிறதா, தசை விறைத்திருக்கிறதா? கடைசியாக, அமைதியாக எவ்வளவு நேரம் ஆகிறது: 2 நிமிடத்துக்குள் என்றால் 0, 5 நிமிடம்வரை 1, அதைத் தாண்டினால் 2. குறைப்பு தொடங்கும் நாளில் ஆரம்பித்து, கடைசி டோஸுக்குப் பின் 72 மணி நேரம்வரை இது தொடர வேண்டும். ராட்டர்டாம் நகரில் உருவான சோபியா அளவுகோலும் நல்லதுதான், ஆனால் ஒரு பிரிவில் எல்லோரும் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

மூளைப் பாதிப்பும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைக்கு நடுக்கமும் விறைப்பும் வழக்கமாகவே இருக்கலாம். அப்போது மதிப்பெண்ணைவிட அம்மாவின் சொல் பெரியது. ‘வீட்டில் இவன் எப்படி இருப்பான்?’ என்று முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தசை செயலிழப்பு மருந்து போகும் குழந்தையிடம் இந்த அளவுகோல் செல்லாது. அங்கே துடிப்பும் அழுத்தமும் வியர்வையும் கண்பாவையும் மட்டுமே பேசும்.

படி 6: மதிப்பெண் ஏறிவிட்டால்

முதலில் வேறு காரணங்களைத் தள்ளுங்கள்: ஆக்சிஜன் குறைவு, இரத்தச் சர்க்கரைக் குறைவு, வலி, தொற்று, நகர்ந்த குழாய். தருமபுரிப் பையனிடம் நாங்கள் தொற்றைத் தேடியது தவறல்ல, தொற்றை மட்டும் தேடியதுதான் தவறு. டெலிரியம் எனும் மனக்குழப்பமும் இதே உருவில் வரும். டெலிரியத்தைக் கண்டறியும் கார்னெல் அளவுகோலில் 9 அல்லது அதற்கு மேல் என்றால் அதையும் எண்ண வேண்டும். இந்த வேறுபாடு சிகிச்சையையே திருப்பிவிடும்: டெலிரியத்தில் இருக்கும் குழந்தைக்கு அமைதிப்படுத்துகிறேன் என்று மிடசோலத்தைக் கூட்டினால் குழப்பம் ஆழமாகும்.

விலகல்தான் என்றால் மருத்துவர் எழுதிவைத்த மீட்பு டோஸைக் கொடுத்து, குறைப்பை அங்கேயே நிறுத்துங்கள், அல்லது முந்தைய படிக்குத் திரும்புங்கள். 24 மணி நேரம் அமைதியான பிறகே அடுத்த படி. பின்வாங்குவது தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். குளோனிடின் இங்கே உதவுகிறது. முன்னே சொன்ன லோகஸ் செருலியஸை வேறு வாசல் வழியாக அது அடக்குகிறது. துடிப்பும் அழுத்தமும் இறங்கும் என்பதால் எந்த எண்ணுக்குக் கீழே டோஸை நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். அதையும் பின்னர் படிப்படியாகத்தான் விட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓபியாய்டுக்குப் பழகிய குழந்தைக்கு, ஓபியாய்டை முறிக்கும் நாலாக்ஸோனை முழு அளவில் தட்டினால் நொடிகளில் கடும் விலகல் வெடிக்கும். மூச்சு நின்றுபோகும் நிலையில் அது உயிர்காக்கும் மருந்துதான், அப்போதும் சிறு சிறு அளவாகவே. அடுத்தது பென்டாசோசின். வார்டுகளில் வலிக்கு எளிதாக எழுதப்படும் ஊசி இது. பழகிய உடலில் இதுவும் விலகலைத் தூண்டும். குழந்தை வார்டுக்குப் போகும் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இதை எழுதி அனுப்புங்கள்.

அம்மாவின் குரல்

பெங்களூரு ஐசியூவில் கண் விழிக்கும் தமிழ்க் குழந்தையின் காதில் முதலில் விழுவது கன்னடம், மலையாளம், இந்தி, ஆங்கிலம். கட்டப்பட்ட கைகள், அணையாத விளக்குகள், தெரியாத மொழிகள். மருந்து குறையும் நாள்களில் இந்த அந்நியம் பதற்றத்தைப் பல மடங்காக்கும். “அம்மா பக்கத்தில்தான் இருக்கிறேன், கண்ணு” என்ற ஒரு வாக்கியத்தால் வாட்-1 மதிப்பெண்ணின் கடைசிக் கேள்வி 2இலிருந்து 0 ஆனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். குறைப்பு நாள்களில் பார்வையாளர் நேரத்தைத் தளர்த்தச் சொல்லி நான் ஒவ்வொரு பிரிவிலும் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

அம்மா வர முடியாத நேரத்துக்கு, பாட்டியின் தாலாட்டைக் கைபேசியில் பதிவுசெய்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியைத் துவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரவு 9 மணிக்கு விளக்கைக் குறையுங்கள், அலாரங்களின் ஒலியைக் கட்டுப்படுத்துங்கள், பரிசோதனைகளைக் கூட்டிச் சேர்த்துச் செய்து இடையில் தூங்க விடுங்கள். கைக்குழந்தையாக இருந்தால் நெஞ்சோடு அணைக்கவும், சூப்பவும் அனுமதி கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நடுக்கம், தும்மல், கொட்டாவி, தூக்கமின்மை, எதைக் கண்டாலும் நேரத்தோடு குறித்துச் சொல்லுங்கள். கன்னடம் தெரியாது, ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள். தமிழ் பேசும் சிஸ்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருப்பார்கள்.

வார்டும் வீடும்

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாறும் நாளில்தான் அட்டவணை தொலைகிறது. அன்று இரவு மருந்து யாருக்கும் தெரியாமல் விட்டுப்போகும். அனுப்பும் செவிலியரும் வாங்கும் செவிலியரும் கட்டிலருகே நின்று மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள்: கடைசி டோஸ் நேரம், அடுத்த டோஸ் நேரம், கடைசி மதிப்பெண்.

சில குழந்தைகள் குறைப்பு முடியுமுன்னே ஊருக்குப் போவார்கள். அவர்களுக்கு அட்டவணையைத் தமிழில், தேதி வாரியாக, மில்லிலிட்டரில் எழுதிக் கொடுங்கள். மில்லிகிராமை வீட்டில் யாராலும் அளக்க முடியாது. வாய்வழிச் சிரிஞ்சில் எந்தக் கோடுவரை இழுக்க வேண்டும் என்பதற்கு அடையாளம் வைத்து, அம்மாவை ஒருமுறை தண்ணீரில் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்தை மற்ற பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும், மீதியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறானே என்று நாமாகவே முன்கூட்டி நிறுத்திவிடக் கூடாது. எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மெதுவாவது, உதடு நீலமாவது, வலிப்பு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பெங்களூரு வரும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள், அட்டவணைத் தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், விடாத அழுகை, வயிற்றுப்போக்கு என்றால் அன்றே தொலைபேசியில் அழையுங்கள்.

கடைசி டோஸின் தேதியை அந்தத் தாளில் நான் வட்டமிட்டுக் கொடுப்பேன். அதற்கடுத்த 3 நாளுக்கும் மூன்று வெற்றுக் கட்டங்கள் போட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் தூக்கம், மலம், நடுக்கம் பற்றி ஒரு வரி எழுதி, மறுபரிசோதனைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வேன்.